எரிமலைத் தீவுக்கு நாலு பேரை முங்கக் கூட்டிட்டுப் போனேன்

கடலே இல்லாத திருப்பூர்ல உக்காந்துக்கிட்டு, கடலுக்கடியில மூச்சு விடச் சொல்லிக் கொடுக்கற தொழில் என்னோடது; இதுல பாதி வேலை பயப்படறது, மீதிப் பாதி பயப்படாத மாதிரி மூஞ்சிய வெச்சுக்கறது.

எங்கப்பா தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து கட்டிங் மாஸ்டர் வேலைக்கு இங்க வந்தவர். ராயபுரத்துல வளந்த நான், பனியன் கம்பெனிப் பக்கமே போகக் கூடாதுன்னு வீம்பா அந்தமானுக்கு ஓடினேன். அங்க ஆறு வருசம் ஸ்கூபா கத்துக்கிட்டு, கத்துக் கொடுத்து, கல்யாணமாகித் திரும்பி வந்து பாத்தா, என்கிட்ட படிக்க வர்றவங்க அத்தனை பேரும் பனியன் கம்பெனிக்காரங்க. விதி, வேறென்ன! ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தை ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துச் சொல்லிக் கொடுக்கறேன். தேறினவங்களை முதல்ல புதுச்சேரிக் கடல்ல இறக்கிப் பழக்கிட்டு, வருசத்துக்கு ஒருக்கா எரிமலைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போவேன்.

தீவு அந்தமானுக்குக் கிழக்கே இருக்கு. நம்ம நாட்டுல இன்னமும் புகை விட்டுக்கிட்டு இருக்கற ஒரே எரிமலை. தரையில கால் வைக்க யாரையும் விட மாட்டாங்க. அனுமதி வாங்கி, படகுலயே தங்கி, சுத்தி இருக்கற கடல்ல முங்கலாம். பஸ் டிரைவரோ, நர்ஸோ, பள்ளிக்கூட டூருக்குப் பொறுப்பேத்துக்கிட்ட வாத்தியாரோ, அடுத்தவங்க உசுரைக் கையில வெச்சுக்கிட்டு வேலை பாக்கறவங்க யாரா இருந்தாலும் சரி, என்னோட சேந்து நீங்களும் கொஞ்சம் வேர்ப்பீங்க.

முடியும் சார்

ரத்தினசாமி அண்ணனுக்கு முதலிபாளையத்துல டீ-சர்ட் கம்பெனி. ஐம்பத்திரண்டு வயசு, வெள்ளைச் சட்டை, வாய் நிறைய மரியாதை. அவர் மனைவி சாந்தாமணியக்கா அதே கம்பெனியில செக்கிங் பாக்கறாங்க. தைச்சு வர்ற ஒவ்வொரு சட்டையையும் டியூப் லைட்டுக்குக் கீழ விரிச்சு, ஓட்டை இருக்கா, தையல் விட்டிருக்கான்னு பாக்கற வேலை. ரெண்டு பேரும் ஒருநாள் குளத்தாங்கரையில வந்து நின்னாங்க. எதுக்குண்ணே ஸ்கூபான்னு கேட்டேன்.

அவருக்குத் துணி வாங்கற வெளிநாட்டுப் பையர் ஒருத்தர் முங்கறதுல பித்தாம். ஒவ்வொரு தடவை வர்றப்பவும் மீன் படமாக் காட்டுவாராம். போன தடவை, "நீ முங்குவியா?"ன்னு கேட்டிருக்கார். இவர் யோசிக்கவே இல்லை. வருசா வருசம் முங்குவேன் சார்னுட்டார்! பையர் எந்திரிச்சுக் கையப் புடிச்சு, அடுத்த தடவை வர்றப்ப உங்க ஊரு எரிமலைத் தீவுல நீ எடுத்த வீடியோவைக் காட்டணும்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். எட்டு மாசம்தான் இருக்கு. எதுக்குண்ணே அப்படி ஒரு பொய்யைச் சொன்னீங்கன்னேன். அவருக்கு அது பொய்யாவே தெரியல.

"பையர் கேட்டா மொதல்ல 'முடியும் சார்'னு சொல்லிப்போடணுங்க அம்மணி, எப்படி முடியும்ங்கறதப் பொறகு பாத்துக்கலாம்."

தொந்தரவு பண்ணக் கூடாதுங்களே

அந்த பேட்ச்சுல இவங்க ரெண்டு பேரோட, பிரிண்டிங் பட்டறை வெச்சிருக்கற அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்தாங்க. மொத்தம் நாலு தலை. எங்க தொழில்ல எல்லாத்துக்கும் முந்திச் சொல்லித் தர்றது, காத்து தீந்துட்டா என்ன பண்றதுன்னுதான். ஒவ்வொருத்தர்கிட்டயும் மூச்சு விடற குழாய் ரெண்டு இருக்கும். ரெண்டாவது மஞ்சக் கலர்ல, பக்கத்தாளுக்குன்னே தொங்கும். காத்து இல்லையா, கையை நீட்டிப் பக்கத்தாளோட மஞ்சக் குழாயைப் புடுங்கி வாயில வெச்சுக்க வேண்டியதுதான். கேக்கறதுக்கெல்லாம் அங்க நேரம் இல்லை.

குளத்துல பயிற்சி. ரத்தினசாமி அண்ணனுக்குக் காத்து தீந்த மாதிரி, அவர் வாய்க்குழாயை நான் எடுத்துட்டேன். எதிர்ல பிரிண்டிங் தம்பி. அண்ணன் கையை நீட்டவே இல்லை. தம்பியைப் பாத்துக்கிட்டு, கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்திருக்கற ஆளு மாதிரி நிக்கறார். கன்னம் உப்புது, கண்ணு பிதுங்குது, நிக்கறார்! நானே அவரை இழுத்து மேல கொண்டாந்தேன். "ஏண்ணே எடுக்கல?"ன்னு கத்தினேன். குளத்துத் தண்ணியில இதுக்குச் சிரிச்சுடலாம். எனக்கு இருபது மீட்டர் ஆழம்தான் கண்ணு முன்னாடி வந்தது. அவர் இருமிக்கிட்டே சொன்ன பதில் இது:

"அந்தத் தம்பி கண்ணாடியச் சரி பண்ணிக்கிட்டு இருந்தாப்லீங்க, நடுவால போயித் தொந்தரவு பண்ணக் கூடாதுங்களே."

குண்டடத்துக் கிணறு

நடுவுல குளத்துல டைல்ஸ் பேந்துபோய் ஒரு மாசம் மூடிட்டாங்க. ரத்தினசாமி அண்ணனா விடுவார்? "என்ற மச்சினன் தோட்டத்துக் கிணறு இருக்குதுங்க, முப்பதடிக்குத் தண்ணி நிக்குது"ன்னார். குண்டடத்துக்குப் போய்ப் பாத்தேன். கல்லுக் கட்டுக் கிணறு, இறங்கப் படி, தெளிஞ்ச தண்ணி, எல்லாம் சரி. ஒரு மூலையில மோட்டார் குழாய் உள்ள இறங்குது. தோட்டத்து மோட்டாரைப் பத்தி உங்களுக்குத் தெரியும். ஆட்டோவுல போட்டு வெச்சுட்டா, கரண்டு எப்ப வருதோ அப்ப யாரும் தொடாமலே தானா ஓடும். உறிஞ்சற வாய்க்குப் பக்கத்துல ஒரு கை போச்சுன்னா அவ்வளவுதான். "மோட்டாரை ஆஃப் பண்ணியாச்சாண்ணே?" "ஆச்சுங்க." "ஆட்டோவையும் எடுத்தாச்சா?" "ஆச்சுங்கறனே!"

அவரையும் அண்ணன் தம்பியையும் கூட்டிக்கிட்டு அடியில போய் முட்டி போட்டு உக்காந்தேன். சாந்தாமணியக்கா தன் முறைக்காக மேல நிக்க, ஊர்க்காரங்க இருபது பேர் கிணத்து மேட்டுல வேடிக்கை. திடீர்னு ஊஊன்னு ஒரு சத்தம். தண்ணிக்குள்ள சத்தம் எந்தத் திசையில இருந்து வருதுன்னு தெரியாது, நேரா மண்டைக்குள்ளதான் கேக்கும். மோட்டார்! அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் புடிச்சு எதிர்ச் சுவத்துல அழுத்தினேன். திரும்பினா, ரத்தினசாமி அண்ணன் 'எல்லாம் சரி'ன்னு எனக்கு விரலை வளைச்சுக் காட்டிக்கிட்டு நிக்கறார். கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுது. மேல வந்து பாத்தா சாந்தாமணியக்கா வெறுங்காலோட மோட்டார் ரூம் வாசல்ல, ஃபியூஸைக் கையில புடுங்கி வெச்சுக்கிட்டு மூச்சு வாங்கிட்டு நிக்கறாங்க. எனக்குக் கோபம் வந்தா எங்கப்பா ஊர்ப் பேச்சுதான் வரும். "என்ன வெளையாடுதீயளா? ஆச்சுன்னு சொன்னீயளே!"ன்னு அண்ணன்கிட்ட பாஞ்சேன். பதிலை அக்கா சொன்னாங்க.

"இவுங்க ஆச்சுன்னாங்கன்னா, இனிமேத்தான் ஆகப்போவுதுன்னு அர்த்தமுங்க டீச்சர்."

கறுப்பு மணல்

அவரை அன்னிக்கே நான் பேட்ச்சை விட்டு எடுத்திருக்கணும். எடுக்கல. புதுச்சேரியில ஒழுங்கா முங்கினார், சொன்னதைக் கேட்டார், மனசு இளகிட்டேன். விடிகாலையில படகு தீவுக்கு முன்னாடி போய் நின்னுது. கரிக்கட்டையைக் குவிச்சு வெச்ச மாதிரி மலை, உச்சியில சோம்பேறித்தனமா ஒரு புகை, காத்துல தீக்குச்சி கிழிச்ச வாசம். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் செல்ஃபி எடுத்தாங்க. நான் எதுக்கும் இருக்கட்டும்னு நாலு சிலிண்டரையும் மூணு தடவை சோதிச்சேன். படகோட்டி மாரிமுத்து அண்ணன் அந்தமான்லயே பொறந்த தமிழர், நான் வேலைக்குச் சேந்த காலத்துல இருந்து பழக்கம். "மலை உன்னைப் பாத்துத்தான் பயப்படுது தாயி, உக்காரு"ன்னார்.

உள்ள போனதும் எனக்கே ஒரு நிமிசம் பயம் விட்டுப் போச்சு. மணலு பூரா கறுப்பு. எரிமலைக் குழம்பு வழிஞ்சு இறுகின பாறை மேல பவளம் பூத்துக் கிடக்கு. மணல்ல இருந்து பாதி உடம்பை நீட்டிக்கிட்டு நூத்துக்கணக்குல சின்ன விலாங்கு ஆடுது; கிட்டப் போனா அத்தனையும் ஒண்ணாக் குழிக்குள்ள போயிடுது. அழுங்காமைங்கற கடலாமை ஒண்ணு எங்களை மதிக்காம பஞ்சு மாதிரி எதையோ கடிச்சுத் தின்னுக்கிட்டு இருந்தது. குழம்பு இறங்கின பக்கம் தண்ணி வெதுவெதுன்னு இருந்தது. முப்பது மீட்டர் தூரத்துல வர்ற மீனோட கண்ணு தெரியுது, அவ்வளவு தெளிவு. மேல வந்து படகுல ஏறினதும் சாந்தாமணியக்கா ஈரத் தலையைக் கூடத் துவட்டாம, கடலையே பாத்துக்கிட்டுக் கேட்டாங்க.

"ஏனுங் டீச்சர், நம்மூரு ஆத்துல மாதிரி இந்தத் தண்ணிக்குள்ள இன்னும் ஒருத்தனும் சாயத்த விடலீங்களா?"

நூத்திருபது

இப்ப ஒரு கணக்குச் சொல்றேன், இது புரிஞ்சாத்தான் மேற்கொண்டு நடந்தது புரியும். முழு சிலிண்டர்ல மீட்டர் இருநூறு காட்டும். ஐம்பது காட்டறப்போ ஆளு படகுக்கு வந்திருக்கணும். தண்ணிக்குள்ள பேச முடியாதே, அதனால அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா 'எவ்வளவு இருக்கு?'ன்னு சைகையில கேப்பேன். அவங்க மீட்டரைப் பாத்து விரல்ல காட்டணும்.

அந்த முதல் முங்குலயே அண்ணன் தம்பி நூறு, தொண்ணூத்தஞ்சுன்னு காட்டினாங்க. சாந்தாமணியக்கா நூத்திப்பத்து. ரத்தினசாமி அண்ணன் நூத்திருபது! எல்லாரையும் விட பெரிய உடம்பு, எல்லாரையும் விட மூச்சும் அதிகம் வாங்கறவர். எப்படி? கிணறு ஞாபகம் வந்துது. போய் அவர் மீட்டரை நானே திருப்பிப் பாத்தேன். எழுபது. அப்படியே எல்லாரையும் மேல கூட்டிட்டு வந்துட்டேன். படகுல வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். இனிமே உங்க விரலை நம்ப மாட்டேன், உங்க மீட்டரை மட்டும்தான் நம்புவேன், இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா படகுல கட்டிப்போட்டுருவேன்னேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நிஜமாவே வருத்தப்பட்டார். ஆனா எதுக்கு வருத்தப்பட்டார்னு கேளுங்க.

"கம்மியாச் சொன்னா எல்லாரும் எனக்கோசரம் மேல வரோணும், உங்களுக்கும் சங்கடமுங்களே, அதானுங்க ஒரு இதுக்குக் கூட்டிச் சொன்னனுங்க."

யானைத் திருக்கை

அடுத்த நாள் காலையில ரெண்டாவது முங்கு. இருபது மீட்டர். அண்ணன் கையில ஒரு சின்னக் கேமரா, பையருக்காக. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா இல்லை, மூணு நிமிசத்துக்கு ஒருக்கா நானே போய் அவர் மீட்டரைப் பாத்தேன். நூத்தறுபது. நூத்தி இருபத்தஞ்சு. நூறு. எல்லாம் சரி. அப்பத்தான் வந்துது யானைத் திருக்கை, றெக்கை விரிச்ச மாதிரி தட்டையா நீந்தற பெரிய மீன். ஒரு கார் அகலம் இருக்கும். பாறை விளிம்புல இருந்து எந்திரிச்சு, வாயைத் திறந்துக்கிட்டு, எங்க தலைக்கு மேலயே வட்டம் போட்டுது. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. ஆறு வருசம் இந்தக் கடல்ல இருந்தவ நான், ரெண்டு ஒண்ணா இவ்வளவு கிட்ட வந்து பாத்ததே இல்லை. மேல பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன். எத்தனை நிமிசம்? தெரியாது. தப்பு என்னுதுதான், யார் மேலயும் போட மாட்டேன்.

தலையைக் கீழ இறக்கி எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு. பிரிண்டிங் அண்ணன், தம்பி. அவ்வளவுதான். மறுபடி எண்ணினேன், என்னமோ ரெண்டு தடவை எண்ணினா நாலாயிடும்ங்கற மாதிரி. வலது பக்கம் கறுப்பு மணல், இடது பக்கம் பாறை, அதுக்கு அந்தப் பக்கம் அடி தெரியாத நீலம். என் மூச்சு எனக்கே லாரி மாதிரி கேட்டுது. முதலிபாளையத்துல அவங்க கம்பெனி வாசல்ல போய் நான் என்ன சொல்லுவேன்? ஊர்ல விட்டுட்டு வந்திருக்கற அவங்க பொண்ணுகிட்ட என்ன சொல்லுவேன்? யேசப்பான்னு மனசுக்குள்ள கத்திக்கிட்டே அண்ணாந்தேன். எனக்கு எட்டு மீட்டர் உசரத்துல ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டு மெதுவா ஏறிக்கிட்டு இருந்தாங்க. அக்காவோட மஞ்சக் குழாய் அண்ணன் வாயில. அக்காவோட இடது கை அண்ணன் தோள் பட்டையை முறுக்கிப் புடிச்சிருக்கு. கேமராவைக் காணோம். பிரிண்டிங்காரங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு, அவசரத்துல வேகமா ஏறிடக் கூடாதுன்னு என்னை நானே அடக்கிக்கிட்டு, அவங்களைப் போய்ச் சேந்தேன். ரத்தத்துல காத்துக் குமிழி கட்டாம இருக்க அஞ்சு மீட்டர்ல நிக்க வேண்டிய மூணு நிமிசமும் நான் அண்ணனோட கணுக்காலை விடல.

படகுல ஏறினதும் அப்படியே பலகையில உக்காந்துட்டேன். மாரிமுத்து அண்ணனுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படல. திருக்கையைப் படகுல இருந்தே பாத்திருக்கார், மீதியை என் முகத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டார். தண்ணி பாட்டிலை நீட்டிக்கிட்டே மெதுவாத்தான் சொன்னார்.

"அத எவன் வேணாலும் பாக்கட்டும் தாயி, நீ ஆளைப் பாக்கணும்."

படகு மேல

அண்ணன் மீட்டரைப் பாத்தேன். முள்ளு பூஜ்யத்தை ஒட்டிக்கிட்டு இருந்தது. என்னக்கா நடந்ததுன்னு கேட்டேன். அக்கா ஒரு பதட்டமும் இல்லாமச் சொன்னாங்க, ஏதோ ஒரு பார்சல்ல டேமேஜ் கண்டுபுடிச்ச மாதிரி. திருக்கை வந்ததும் அண்ணன் வீடியோ எடுக்க ஆரம்பிச்சிருக்கார். குஷியில மூச்சு வேக வேகமா வாங்கியிருக்கார். அது வளைஞ்சு போக, இவரும் பின்னாடியே போயிருக்கார். அக்கா விடாமக் கூடவே போய், எவ்வளவுன்னு கையால கேட்டிருக்காங்க. எண்பதுன்னு காட்டியிருக்கார். அக்கா அவர் முகத்தைக் கூடப் பாக்கல. நேரா மீட்டரை இழுத்துத் திருப்பிப் பாத்திருக்காங்க. இருபது! அடுத்த நொடி அவர் வாய்க்குழாயைத் தட்டி விட்டுட்டு, தன்னோட மஞ்சக் குழாயை வாயில திணிச்சு, பட்டையைப் புடிச்சுக்கிட்டாங்க. அந்தத் தள்ளுமுள்ளுல கேமரா நழுவி, நீலத்துக்குள்ள இறங்கிப் போச்சு. "நீங்க மேல பாத்துட்டு இருந்தீங்க, உங்ககிட்ட வர நேரம் பத்தாதுன்னு தோணுச்சுங்க டீச்சர்"னாங்க. அவங்க ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு மன்னிச்சிடுங்கக்கான்னேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க"ன்னு என் முதுகைத் தட்டிக் கொடுத்தாங்க.

ரத்தினசாமி அண்ணன் படகு ஓரத்துல துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தார். எரிமலை அவர் தலைக்குப் பின்னாடி சாவகாசமாப் புகை விட்டுக்கிட்டு இருந்தது. பிரிண்டிங் தம்பி பாவம், நல்ல மனசுல பேச்சுக் கொடுத்தான். "அண்ணா, என்கிட்ட இன்னொரு கேமரா இருக்குதுங்க. மத்தியானம் இன்னொரு முங்கு இருக்குதுல்ல, பையருக்கு வீடியோவ எடுத்துப்போடலாமுங்களா?" எனக்கு வாய் வரைக்கும் வந்துது, வேண்டவே வேண்டாம்னு. ஆனா அண்ணன் எப்பவும் போல 'எடுத்துப்போடலாம்'னுதான் சொல்லப்போறார்னு நெனச்சு, அதைத் தடுக்கறதுக்கு எந்திரிச்சேன்.

அண்ணன் தன் கையைத் திருப்பிப் பாத்தார். எண்பதுன்னு காட்டின கை. அப்புறம் நிமிர்ந்து, "முடியாதுங்க தம்பி"ன்னார். "பயமா இருக்குதுங்க. பையருகிட்ட, என்னால முடியல சார்னு சொல்லிப்போடறேன்."

இருபது மீட்டர் ஆழத்துல பதறாத சாந்தாமணியக்கா, அதைக் கேட்டதும் முந்தானையில்லாத அந்த நீச்சல் டிரஸ்ஸுல கண்ணைத் துடைக்க ஒண்ணும் கிடைக்காம, ரெண்டு உள்ளங்கையிலயும் முகத்தைப் புதைச்சுக்கிட்டு ஓன்னு அழுதாங்க. என்னக்கா, என்னாச்சுன்னு பதறிப்போய் பக்கத்துல உக்காந்தேன். அழுகைக்கு நடுவுல, விக்கி விக்கித்தான் பேச்சு வந்துது.

"கல்யாணமாயி இருவத்தாறு வருசமாச்சுங்க டீச்சர், இந்த வாயில 'முடியாது'ன்னு ஒரு வார்த்தைய இன்னைக்குத்தானுங்க கேக்கறேன்."

இப்பல்லாம் என் பேட்ச்சுல சேர வர்றவங்ககிட்ட நீச்சல் தெரியுமான்னு நான் கேக்கறதே இல்லை. குளத்தாங்கரையில நிக்க வெச்சு, என் முகத்தைப் பாத்து 'முடியாது'ன்னு பத்து தடவை சத்தமாச் சொல்லச் சொல்றேன், அதுலயே பாதிப் பேரு தேற மாட்டேங்கறாங்க.